பதினேழு பேர் விட்டுப்போன வன்கடல்

மைக் செட் கட்டிப் பிழைக்கிறவனுக்கு நாளடைவில் எந்தப் பாட்டும் பிடிக்காமல் போய்விடும். கோட்டாறு கம்போளச் சந்தைக்குப் பின்னால் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெயர் மீரா முகைதீன், சின்னவர்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன். வெள்ளிக்கிழமை ஜும்மா, மற்ற நாட்களில் அம்மன் கொடை, கடற்கரைத் திருவிழா, கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்குவேன். எல்லா இசையும் காதுக்குள் போய்ப் புளித்துவிட்டது. அதிலும் இந்த ஹெவி மெட்டல் இருக்கிறதே, சவம், பூட்டின கடையின் ஷட்டரைப் பத்துப் பேர் சேர்ந்து உதைக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைப் பத்து வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

ததேயுஸ் கடியப்பட்டணத்துக்காரன். பிறந்தது அங்கே அல்ல. மேற்கே இன்னொரு துறையில். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு அங்கே இன்னும் தொழில் இருக்கிறது. அவனுக்குப் பதினொரு வயதில் அப்பன் ஆடி மாதத்துக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் ஊரான கடியப்பட்டணத்துக்கே வந்துவிட்டாள். வளர்ந்ததும் ஐஸ் பிளான்டில் வேலைக்குச் சேர்ந்தான். பாளம் பாளமாக ஐஸைத் தூக்கித் தூக்கிக் கை இரண்டும் இரும்பாகிவிட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் டிரம்ஸ் அடிக்கப் படித்தான்.

2006இல் கல்லூரி முடித்த மூன்று பையன்களோடு சேர்ந்து வன்கடல் என்று ஒரு குழுவை ஆரம்பித்தான். பாடினவன் சஜின். ததேயுசின் அப்பன் ஊர்க்காரன்தான். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். திருவிழா மேடைகளில் ஒன்பது பாட்டு மாதாவுக்கும் புனிதர்களுக்கும் பாடிவிட்டு, பத்தாவதாகத் தங்கள் பாட்டு ஒன்றைக் கட்டவிழ்த்து விடுவார்கள். கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். நான் மிக்சரில் சத்தத்தைக் குறைப்பேன். ததேயுஸ் மேடையிலிருந்து கூட்டும்படி கெஞ்சிக் கை காட்டுவான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் குமட்டுகிற கதை. நம்ம பக்கத்தில் கிதார் வாசிக்கிறவன் விரலில் விசாவும் சேர்ந்தே முளைக்கும் போலிருக்கிறது. முதலில் ஓடினவன் சஜின், 2008இல் தோகாவுக்கு. அடுத்தவன் குவைத். அவன் இடத்துக்கு வந்த ஆன்ட்ரூஸ் ஒரு நல்ல நாளில் தனக்கு தேவ அழைத்தல் கிடைத்துவிட்டது என்று பாதிரியார் படிப்புக்குக் குருமடத்துக்குப் போனான், ஆறு மாதத்தில் அங்கிருந்தும் தப்பித்து அபுதாபி போய்ச் சேர்ந்தான். ஜெபமணி என்று ஒருத்தன் வந்தான். ஏதோ ஒரு சபையில் சேர்ந்து, இது சாத்தானுடைய இசை என்று அறிவித்துவிட்டுப் போனான், போகும்போது குழுவின் கிதாரைக் கையோடு கொண்டுபோனான். சாத்தான் வாசித்த கிதார் ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் ஆகுமாக்கும். இன்னொருத்தனுக்குப் பெண் பார்த்த வீட்டில் முடியை வெட்டச் சொன்னார்கள். முடியோடு குழுவையும் வெட்டிவிட்டான்.

எனக்கு ஆள் பெயரெல்லாம் நினைவில் நிற்காது. மைக் ஸ்டாண்டின் உயரத்தை வைத்துத்தான் எந்த வருடம், எந்தப் பாடகன் என்று சொல்வேன். பத்து வருடத்தில் பதினேழு பேர் வந்து போனார்கள். டிரம்ஸ் ஸ்டூலின் உயரத்தை மட்டும் நான் ஒருநாளும் மாற்றினதில்லை.

புதுசாக ஒருத்தன் வந்தால் அவனுக்கு எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ததேயுசுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஐஸ் பிளான்டின் பின்பக்கம் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கிதார் எப்படி வரவேண்டும் என்று வாயாலேயே உறுமிக் காட்டுவான். பார்க்கிறவன் இவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பான். இரண்டு மாதம் இப்படி உறுமி ஒருத்தனைத் தேற்றி எடுப்பான். மூன்றாவது மாதம் அவன் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்பான். ததேயுசுக்கே இரண்டு தடவை விசா வந்தது. நான் போனால் பாட்டு யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். கூறு கெட்டவன் என்று நானே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

2011இல் அவனே ஒரு பாட்டு உண்டாக்கினான். 'வராத வள்ளம்' என்று பெயர். கடலுக்குப் போய்த் திரும்பாத படகு, அவன் அப்பனைப் பற்றியது. நான் வெறுக்கிற அந்தச் சத்தத்திலே, அல்லா அறிய, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நான் மிக்சரில் கை வைக்காமல் நின்று கேட்பேன். பல ஊர்களில் அதை வாசித்தார்கள். அப்பனுடைய ஊரில் மட்டும் வாய்க்கவில்லை. சஜின் போனபிறகு அந்த ஊர் விழாக்குழு இவர்களைக் கூப்பிடவே இல்லை. அப்பனோடு முன்பெல்லாம் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்க ஒரு தடவை வாசித்தால் போதும் என்று ததேயுஸ் அடிக்கடி சொல்வான். வேறு ஆசை எதுவும் அவனிடம் நான் கண்டதில்லை.

2016இல் சஜின் விடுமுறைக்கு வந்தான். கழுத்தில் சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பேச்சில் பாதி அரபி. அந்த ஊர்த் திருவிழாவில் ஏழாம் நாள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுடைய நாள். திருப்பலி முதல் மேடை நிகழ்ச்சி வரைக்கும் அவர்கள் பொறுப்பு. அன்றைக்கு வன்கடலின் பத்தாம் ஆண்டு விழா, ஆரம்பகால உறுப்பினர்கள் பங்கேற்பு என்று சஜின் பெரிய ஃபிளெக்ஸ் அடித்து வைத்தான். நாலு முகம், நாலு கறுப்புக் கண்ணாடி. ததேயுசின் முகம் இல்லை.

கேட்டதற்கு ஊர் வழக்கம் என்றார்கள். ஏழாம் நாள் மேடையில் வெளிநாட்டில் இருக்கிறவன்தான் ஏறவேண்டுமாம், உள்ளூரில் கிடக்கிறவனை ஏற்றினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களாம். டிரம்ஸுக்கு ஆன்ட்ரூஸ். குருமடமும் கிதாரும் போக அபுதாபியில் கொஞ்சம் டிரம்ஸும் பழகியிருந்தான். ஆரம்பகால உறுப்பினர்கள் என்ற அந்த நாலு பேரும் வெவ்வேறு வருடம் ஓடினவர்கள். ஒருத்தனோடு ஒருத்தன் சேர்ந்து வாசித்ததே கிடையாது. ஒத்திகையில்தான் இரண்டு பேர் முதல்முதலாகக் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் காலத்துப் பாட்டு மட்டும்தான் தெரியும், அதுவும் பாதி மறந்தாயிற்று. பிறகென்ன, மறுபடியும் மீன் பெட்டி, மறுபடியும் உறுமல். தன்னை வெளியே தள்ளினவர்களுக்கு ததேயுஸ் உட்கார்ந்து பாடம் நடத்தினான். எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அப்படியும் அவர்களுக்கு எங்கே நிறுத்தவேண்டும், எங்கே மாற்றவேண்டும் என்று பிடிபடவில்லை. கடைசியில் சஜின் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"மக்கா, நீ கீழ மிக்சர் பக்கத்துல நின்னு கை காட்டினா போதும். கடைசிப் பாட்டு ஒனக்க அப்பனுக்க பாட்டு. அதுக்கு ஒன்ன மேல கூப்பிட்டு டிரம்ஸ்ல இருத்துவேன். கமிட்டிட்ட நான் பேசியாச்சு" என்றான்.

ததேயுஸ் சரி என்று தலையாட்டினான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சஜின் அந்தப் பக்கம் போனதும் ததேயுசைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, ஒனக்கு வெக்கம்னு ஒண்ணு கெடையாதா?"

"அந்தக் கரையில ஒரு தடவ வாசிக்கணும் காக்கா. அதுக்குக் கையும் காட்டுவேன், கேட்டா காலும் காட்டுவேன்" என்றான்.

அன்றைக்குப் பூசை முடிந்து ஏழரை மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முன்வரிசையில் விழாக்குழு, அதற்கு நடுவில் சஜினின் அப்பா. வெள்ளை வேட்டி, மகன் கொண்டுவந்த தங்க நிற வாட்ச், முகம் நிறையப் பெருமை. மேடையில் இருந்த நாலு பேருக்கும் முதலிலேயே பொன்னாடை போர்த்தினார்கள். ஆன்ட்ரூஸ் பொன்னாடையோடேயே டிரம்ஸில் உட்கார்ந்தான்.

ததேயுஸ் என் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். கை உயர்ந்தால் அவர்கள் நிறுத்தினார்கள், சடாரென்று வெட்டி விழுந்தால் ஆரம்பித்தார்கள். நாலு கறுப்புக் கண்ணாடியும் ஜனங்களைப் பார்க்கவில்லை, இவன் கையையே பார்த்தன. ஒன்பது பாட்டு ஒருவழியாக ஓடி முடிந்தது. ததேயுஸ் பேன்ட்டின் பின்பையில் செருகியிருந்த தன்னுடைய குச்சிகளை எடுத்துக்கொண்டு பெட்டியில் இருந்து இறங்கினான். மேடைப் படிக்கட்டைப் பார்த்து நாலு அடி வைத்திருப்பான்.

சஜின் மைக்கைப் பிடித்தான். "இது கடைசிப் பாட்டு. தோகால தனியா இருந்தப்போ எங்க அப்பாவ நெனச்சு நான் எழுதினது" என்றான்.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் அந்த மனுஷன் எழுந்து திரும்பிக் கும்பிட்டார். கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கிற அப்பனுக்கு, கடலோடு போன அப்பனுடைய பாட்டு. த்தூ. அத்தனை வருடத்தில் எத்தனையோ அயோக்கியத்தனத்துக்கு மைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் என் தொழிலே எனக்கு நாறியது. மேடையில் யாரும் ததேயுசைக் கூப்பிடவில்லை. ஆன்ட்ரூஸ் ஆரம்பித்துவிட்டான்.

ததேயுஸ் திரும்பி வந்து பெட்டிமேல் ஏறினான். குச்சியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினான். நான் அவனையும் சேர்த்து வெறுத்தேன். கை காட்டக் காட்ட அவர்கள் பாதிப் பாட்டு வரைக்கும் பிழையில்லாமல் போனார்கள்.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் ஒரே அடியாக நின்றுபோகும் ஓர் இடம் உண்டு. எவ்வளவு நேரம் என்று அதற்கு எண்ணிக்கை கிடையாது. அப்பனைக் காணாமல் மணலில் உட்கார்ந்திருந்த அம்மை எழுந்திருக்கிற வரைக்கும் என்பான் ததேயுஸ். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அடித்த பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

கை உயர்ந்தது, மேடையில் எல்லாம் நின்றது. பிறகு ததேயுஸ் கையை வெட்டி இறக்காமல் மெதுவாகத் தாழ்த்தி இரண்டையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். நாலு பேரும் காத்து நின்றார்கள். கூட்டமும் காத்திருந்தது. இரைச்சல் வராமல் இருக்க அந்த மாதிரி நேரத்தில் மைக்கைக் குறைத்துவிடுவது என் வழக்கம். விரலை வைக்கப் போனேன்.

"குறைக்காண்டாம் காக்கா" என்றான். "கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினேன். யாரோ ஒரு பிள்ளை அழுதது. பின்னால் இருந்து விசில் வந்தது. சஜின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தான். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையே மறந்து ரகசியமாகக் கேட்டான்.

"லே ததேயுசே, எப்பம்லே தொடங்கணும்?"

என்னுடைய பன்னிரண்டு பாக்ஸும் அதைக் கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.