வீட்டுக்காரி பேரில் வாங்கிய நேரம்

பஸ் ஓட்டுகிற அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. டிப்போவில் தொடங்கி மருமகன் வீடு வரைக்கும் எல்லாருக்கும் அவர் நிதானம்தான். அவர் ஓட்டுகிற வண்டியில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோக்கலாம் என்பார்கள். கல்யாணமான புதிதில் பெண்வீட்டுக்காரர்களை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். மாமியாரின் சித்தி ஒருத்தி, வண்டி வாசனை பட்டாலே குமட்டுகிறவள், அன்றைக்கு வாயில் விரலை வைத்துக்கொண்டு அசந்து தூங்கினாள். மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் மரியாதை வந்தது அந்தத் தூக்கத்தால்தான். பிறகு அந்தச் சித்தி சாகிற வரைக்கும், "அவன் ஓட்டினா வர்றேன், இல்லாட்டி வரல" என்று எத்தனையோ விசேஷத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஓய்வு பெறக் கொஞ்ச காலம் இருக்கையில் அந்த நிதானத்துக்கு ஒரு கேடு வந்தது. ஒண்ணுக்கு வந்தால் அடக்க முடியவில்லை. முதலில் ராத்திரி தூக்கம் கெட்டது, பிறகு பகல் கெட்டது. இந்த நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே வயிற்றுக்குக் கீழே யாரோ மணி அடிக்கிற மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். வெயிலில் உதடு வெடித்ததுதான் மிச்சம்.

டாக்டரிடம் போகலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் வம்பு. அந்த வட்டாரத்துக்கே குடும்ப டாக்டர் ஒருவர்தான். வேறு யாரையாவது பார்க்க வேண்டுமென்றாலும் இவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இவரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும். நேரம் கொடுக்கிறவர் முன்கூடத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மா. அந்த அம்மா நிதானத்துக்குச் சம்பந்தி. மகளைக் கொடுத்திருக்கிற வீட்டு மாமியார்.

கெட்ட மனுஷி இல்லை. ஆனால் வேலையில் படு கறார். என்ன தொந்தரவு என்று சொன்னால்தான் நேரம். சொன்னதைத் தட்டச்சு செய்துவிட்டு, ஒரு தடவை உரக்கத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்பார். ஒருவர் நோய் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்ற பயம். அதனால் அந்தக் கூடத்தில் யாருக்கு எங்கே சிரங்கு, யார் எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விடுமுறை நாளில் நிதானம் நேரிலேயே போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற தச்சர் என்னமோ குனிந்து முணுமுணுத்தார்.

"மூலம், ரத்தம் போகுது. சரிதானே?" என்றது ஜன்னல்.

தச்சரின் பிடரி சிவந்துபோனது. பின்னாலிருந்து யாரோ, "நாற்காலி செய்யறவருக்கு உட்கார முடியலையா?" என்று சொல்ல, கூடமே சிரித்தது. நிதானமும்தான் சிரித்தார். அடுத்த ஆள் அவர்.

"அட, வாங்கண்ணே! உங்களுக்கு என்ன?"

"முழங்கால்."

"முழங்கால் வலி. சரிதானே? அதுக்கு இப்ப அவசரமில்லண்ணே. அடுத்த மாசம் போடறேன். அதுவரைக்கும் காலை நீட்டி மடக்குங்க."

அந்த அம்மா காலை எப்படி நீட்ட வேண்டும் என்று உட்கார்ந்தபடியே காட்டினார். நிதானமும் கூடத்தில் நின்று, நல்ல காலை நீட்டி மடக்கிக் காட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் தொலைபேசியில் முயற்சி செய்தார். காலையில் எட்டு மணிக்குத்தான் எடுப்பார்கள். எட்டு மணிக்கு அவர் கை ஸ்டியரிங்கில் இருக்கும். கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கூப்பிட்டால் ஒரு பாட்டு ஓடும்; பாட்டு முடிந்தால் ஒரு பெண், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்பாள்; மறுபடி பாட்டு. கண்டக்டர் அவருக்கு மச்சினன் முறை, வீட்டுக்காரியின் பெரியப்பா மகன். "யாரு மச்சான், காலங்காத்தால பாட்டுக் கச்சேரி கேக்கறீங்க?" என்று கிண்டலடிப்பான். ஒருவழியாக யாராவது எடுத்தால், "இன்னைக்கு முடிஞ்சிடுச்சு, நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல். நிதானம் கண்ணை இறுக்கிக்கொண்டார், பல்லைக் கடித்தார், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். பிறகு தொடையில் சூடு பரவியது. அவர் கை நடுங்கவில்லை, வண்டி குலுங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் இறங்குவதற்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடியில் கவிழ்த்துக்கொண்டு, "சே, மூடி கழண்டுபோச்சு!" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். கண்டக்டர் ஒரு துணியைக் கொண்டுவந்து இருக்கையைத் துடைத்தான். துடைத்த துணியைத் தூரப் போட்டான். அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அதுதான் நிதானத்துக்குத் தாங்க முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விடாமல் கூப்பிட்டார். பாட்டு நின்றது.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"அவசரம். ஒண்ணுக்கு... அடக்க முடியல. தன்னால போயிடுது."

"யாரு பேசறது? அண்ணே, நீங்களா?"

அந்த ஒரு மூச்சு நேரத்தில் மனுஷனுக்கு மகள் முகம் வந்தது, மருமகன் முகம் வந்தது, கூடத்துச் சிரிப்பு வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"எனக்கில்ல சம்பந்தி. உங்க அண்ணிக்கு."

"அடப்பாவமே!" அந்த அம்மாவின் குரலே இளகிப்போனது. "பிள்ளை பெத்த உடம்பு, வரத்தான் செய்யும். நாளை மறுநாள் காலையில கூட்டிட்டு வாங்க. நான் எப்படியாவது நுழைச்சிடறேன்."

அத்தனை நாள் கிடைக்காத நேரம் அப்படிக் கிடைத்தது.

வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே சாயங்காலம் வந்துவிட்டது. அன்றைக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்க இருவரும் மகள் வீட்டுக்குப் போகிற நாள். உள்ளே நுழைந்ததும் சம்பந்தியம்மா ஓடிப்போய், மெத்தை வைத்த நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன் மேல் துண்டை விரித்து, "உட்காருங்க அண்ணி" என்றார். வீட்டுக்காரி உட்கார்ந்தாள். சரசரவென்று சத்தம் வந்தது. மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்காரி குழந்தைக்குக் கை நீட்டினாள்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? நானே வச்சுக்கிறேன்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி திரும்பி வந்தது. நிதானம் எதிரே உட்கார்ந்து இத்தனையும் பார்த்தார். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள். "ஏங்க, என்மேல ஏதாவது வாடை அடிக்குதா?"

"இல்லையே."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு விரிச்சாங்க? பிள்ளையக் கூடத் தரல. நம்ம பொண்ணு என்னை ஒரு மாதிரி பாத்துச்சு, நீங்க கவனிச்சீங்களா?"

தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார். பாலம், பாட்டில், தொலைபேசி எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும், "ஈர பேன்ட்டை நீங்களே துவைச்சப்பவே நினைச்சேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்து மறுபடி நின்றாள்.

"வியாதி யாருக்கும் வரும். அதை ஏங்க என் தலையில கட்டினீங்க? எனக்கு அந்த வீட்ல இருக்கறது அந்தப் பிள்ளை ஒண்ணுதான்."

வீடு வரைக்கும் அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாக நடந்தார்கள்.

குறித்த நாளில் இருவரும் போனார்கள். கூடம் நிறைந்திருந்தது. தச்சரும் ஒரு மூலையில் சாய்ந்து நின்றிருந்தார். "வாங்க அண்ணி, இதோ உங்களைத்தான் கூப்பிடப் போறாங்க" என்றார் சம்பந்தியம்மா.

வீட்டுக்காரி நகரவில்லை. நிதானம்தான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை, காலை வாரிவிட்டது.

"சம்பந்தி, தொந்தரவு அவளுக்கு இல்ல. எனக்கு. அடக்க முடியாம போறது நான்தான். வெட்கப்பட்டு அவ பேரைச் சொல்லிட்டேன்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தச்சர் கூடத் தரையைப் பார்த்தார். அந்த அம்மா, எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, எதையும் திருப்பிச் சொல்லவில்லை. விசைகளை மட்டும் தட்டினார். முகம் இறுகியிருந்தது.

"அண்ணி பேர்ல கொடுத்த நேரத்தை உங்களுக்குத் தர முடியாதுண்ணே. இது ரத்து. நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். பாட்டைக் கேட்டார். கிடைத்தது அடுத்த வாரத்துக்கு. சாதகமாகவும் ஒரு வார்த்தை இல்லை, பாதகமாகவும் ஒரு வார்த்தை இல்லை. எல்லாருக்கும் போல.

அதற்கு முன்னால் பேரப்பிள்ளையைப் பார்க்கிற நாள் வந்தது. தான் வரவில்லை என்றுதான் அவர் சொன்னார். "கிளம்புங்க" என்றாள் வீட்டுக்காரி. சம்பந்தியம்மா அவளுக்கு மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார்; விரிப்பு இல்லை. கேட்காமலேயே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நிதானம் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மருமகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வீட்டுக்காரி குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் பையிலிருந்து மடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்தாள். காலி நாற்காலியில் உதறிப் போட்டாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? உட்காருங்க."

உட்கார்ந்தார். சரசரவென்று சத்தம் வந்தது. மகளும் கேட்டாள், மருமகனும் கேட்டான். பஸ்ஸில் ஒரு குலுக்கல் தெரியாமல் ஓட்டிய மனிதர், அந்தச் சத்தம் இன்னொரு தடவை வராமல் இருக்க, எழுந்து புறப்படுகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.