ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும்

கொடைக்கானலில் நான் நூலகராக இருந்தபோது, வாசகர்களுக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் மூன்றும் ஒரே காலையில் முடங்கின. யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறிவிட்டது. மேலதிகாரி போனில், "நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணப் பாத்துச் சொல்லும்மா" என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த சர்வீஸ்காரர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, சோதனைக்காக ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றுமாக இரண்டு சாஃப்ட்வேர்களைப் போட்டார். முதலாவது, வைரஸைத் தடுப்பதோடு யார் எதைப் பார்த்தார்கள் என்பதையும் பதிந்து வைக்கும். "ஒங்க டேபிள்ல இருந்தே கண்காணிக்கலாம் மேடம்." இரண்டாவது, ரீஸ்டார்ட் செய்ததும் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். வைரஸும் போகும், வாசகர் சேமித்ததும் போகும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பயோடேட்டா அழிந்துவிடுமே என்று எனக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது.

அந்த வாரம் பக்கத்து மலைக்கிராமமான போளூரிலிருந்து பாண்டியம்மாள் வந்தார். பூண்டு பயிரிடுபவர், சந்தை நாளில் நூலகத்தை எட்டிப்பார்த்து, கம்ப்யூட்டரில் விலை பார்த்துப் போவார். அன்று இரண்டாவது சாஃப்ட்வேர் இருந்த கம்ப்யூட்டரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழாமலே என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் பாத்தது பொறவு ஒக்கார்றவங்களுக்குத் தெரியுமாங்க?"

திரையில் மார்பகக் கட்டி பற்றிய பக்கம் இருந்தது. அடுத்ததாக உட்காரக் காத்திருந்தவர் அவருடைய கொழுந்தனார்.

"வீட்ல சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"டெஸ்ட் எடுத்திருக்கு. என்னன்னு தெரியாம என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுக்காரரு ஒடஞ்சிருவாரு. நானே பக்கத்துல ஒக்காந்து சொல்லணுங்க. அடுத்தவங்க சொல்லி அவரு கேக்கக் கூடாது."

ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை திரும்ப வந்தது. ஹிஸ்டரியைத் திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை. அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தார்.

அன்றே மேலதிகாரிக்குப் போன் செய்து இரண்டாவதைக் கேட்டேன்.

"யாரு என்ன பாக்குறாங்கன்னு நமக்குத் தெரிய வேணாமாம்மா?"

"வேணாம் சார். பயோடேட்டாவ அவங்கவங்க மெயிலுக்கு அனுப்பிக்க நான் சொல்லித் தாரேன்."

கொஞ்சம் யோசித்து, "சரி, ஒங்க பொறுப்பு" என்றார்.

சில வாரங்கள் கழித்துப் பாண்டியம்மாள் கணவரோடு வந்தார். "ஆபரேசன் உண்டாம்க்கா. வெரசாவே கண்டுபிடிச்சதால பயமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு." இருவரும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். கணவர் திரையில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று வாசித்தார். அவர் தடுமாறிய இடங்களில் பாண்டியம்மாள் எடுத்துக்கொடுத்தார்.

இப்போது நூலக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வைரஸைப் பற்றி சர்வீஸ்காரர் சொல்லிவிடுவார். அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு என்ன பயம் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுங்கள்.