பியற்றிஸ் கொரியா பார்க்கப் போனது

ஐம்பத்து நாலு வயதுவரை பியற்றிஸ் தனக்கென்று எங்கேயும் போனதில்லை. மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்ததுகூடத் தாய்க்குத் துணையாகத்தான். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், தம்பி றெஜினோல்டின் வீட்டு மாடியில், ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் மட்டும் கொள்ளுகிற அறை அவளுடையது. காலையில் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் ஷிப்ட். மத்தியானம் வந்ததும் முன்னறையில் கிடக்கும் தாயைத் துடைத்து, உடுப்பு மாற்றி, பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்குவாள். தாய் விழுந்து இடுப்பு முறிந்து ஒன்பது வருடமாகியிருந்தது.

தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்துக்கு இது தெரியும். "பெத்தா பியற்றிஸைப் போல ஒண்டைப் பெறவேணும்" என்று வாசலில் நின்று சொல்வார்கள். பக்கத்தில் றெஜினோல்ட் நிற்பான். சிரித்தபடி கார்ச் சாவியைத் தேடுவான்.

தாய் கண்ணயரும் நேரங்களில் அவள் கொரிய நாடகங்கள் பார்ப்பாள். கதையைவிட அந்த வீடுகளும் அரண்மனைகளும்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தன. வளைந்த ஓட்டுக் கூரைகள், காகிதம் ஒட்டிய கதவுகள், முற்றத்தில் நின்று குனிந்து வணங்குகிற பெண்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒக்டோபரில பதினாறு நாள் லீவு கிடைச்சிருக்கு. கொரியாவுக்குப் போட்டு வரலாமெண்டு பாக்கிறன்."

"ஆரோட?" என்றாள் தம்பியின் மனைவி துசியந்தி.

"தனியத்தான்."

றெஜினோல்ட் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. "அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது?"

பதிலை முன்னறையிலிருந்து தாய்தான் சொன்னாள். "அவள் போட்டு வரட்டும். ஒம்பது வருசத்தில பதினாறு நாள் நீ பாத்தா என்ன, தேய்ஞ்சு போவியோ?"

றெஜினோல்ட் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனான்.

கொரியத் தலைநகர் சோலில் இறங்கிய ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, பியற்றிஸ் கியொங்பொக்குங் அரண்மனைக்குப் போனாள். வாசலருகே ஹான்பொக் என்ற பழைய கொரிய உடுப்பை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருந்தன. அதை உடுத்திப் போனால் அரண்மனைக்கு நுழைவுச் சீட்டுத் தேவையில்லை. கடைப்பெண் மாதுளம்பூ நிறப் பாவாடையை அவளுடைய மார்புக்கு மேலே கட்டி, நீலச் சட்டையின் நாடாவை ஒரு பக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டாள். கண்ணாடியில் நின்றவளைப் பியற்றிஸுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை. காவல் மாறும் முரசு அதிரும்போது, கல் பாவிய முற்றத்தின் நடுவே, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாரோ ஒரு மாணவி படம் எடுத்துக் கொடுத்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தாள். அதைத் துசியந்திக்கு அனுப்பினாள். "அம்மாவுக்குக் காட்டும்."

"அம்மா நித்திரை மச்சாள். நீங்கள் வடிவாச் சுத்திப் பாருங்கோ" என்று பதில் வந்தது.

அடுத்த நாளும் அம்மா நித்திரை. அதற்கடுத்த நாள், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தா. நேர வித்தியாசம்தானே என்று பியற்றிஸ் நம்பினாள். புக்சொன் சந்துகளில் மர வீடுகளைப் பார்த்துக்கொண்டு ஏறி இறங்கினாள். ரயிலில் கியொங்ஜுவுக்குப் போய், புல்வெளியில் குன்றுகளாக எழும்பிக் கிடக்கும் பழைய அரசர்களின் சமாதிகளைச் சுற்றினாள். திரும்பி சோலுக்கு வந்து, முன்னொரு காலத்தில் கத்தோலிக்கர்களின் தலைகளை வெட்டிய ஆற்றங்கரைக் குன்றில் இப்போது நிற்கும் தேவாலயத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனாள். தாயின் சுகத்துக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொன்னாள்.

அதே செவ்வாய்க்கிழமைதான் தாயை அடக்கம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை விம்பிள்டனில் ட்ராம் மாறி மிச்சத்துக்கு வந்தபோது அது அவளுக்குத் தெரியாது. கைப்பையில் தாய்க்கென்று வாங்கிய பஞ்சு வைத்துத் தைத்த காலுறை இருந்தது. முன்னறையில் கட்டில் இல்லை. கார்ப்பெற்றில் அதன் நான்கு கால்களும் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன.

"அம்மா எங்க? ஆஸ்பத்திரியிலயோ?"

"அடக்கம் முடிஞ்சுது அக்கா" என்றான் றெஜினோல்ட். "நீங்கள் போய் மூண்டாம் நாள் காலமை. மூச்செடுக்கேலாமப் போச்சு."

பியற்றிஸ் கைப்பையைக் கீழே வைத்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வந்திருப்பீங்கள்."

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள். அவன் குரலை உயர்த்தவில்லை. "வந்து பெட்டிக்குப் பக்கத்தில நீங்கள்தான் நிண்டிருப்பீங்கள். சனமெல்லாம் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கும். ஒம்பது வருசம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தனான். கடைசிக் காரியமெண்டாலும் மகன் செய்ததா இருக்கட்டும்."

துசியந்தி குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது, வழக்கமாக அவளுக்கு இடம் பிடித்து வைக்கும் பிரியந்தி முகத்தைத் திருப்பினாள். பூசை முடிந்து பியற்றிஸே போய்க் கையைப் பிடித்தாள்.

"அறிவிச்சும் வரேல்லையாமே?" என்றாள் பிரியந்தி. "உயிர் போன பிறகு வந்து என்ன செய்யிறது எண்டு சொன்னீராம். அம்மா செத்து ரெண்டாம் நாள் பட்டுப் பாவாடை கட்டி அரண்மனையில நிண்டு சிரிக்கிறீர். துசியந்தி படத்தை எல்லாருக்கும் காட்டினவ."

பியற்றிஸ் போனைத் திறந்து, துசியந்தியின் செய்திகளைத் திகதியோடு காட்டினாள். பிரியந்தி கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயோ. சரி, விடும். இதைக் கொண்டு திரியாதையும். செத்த வீடு நடந்த குடும்பம், சந்தி சிரிக்கும்."

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. அச்சடித்த நினைவு அட்டையில் மகனின் பெயரும் மருமகளின் பெயரும் இருந்தன. பியற்றிஸ் எழும்பிப் போய் ஒலிவாங்கியை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. "எனக்கு ஒருதரும் அறிவிக்கேல்லை" என்றாள். செய்திகளை நாளும் நேரமும் சொல்லி வாசித்தாள். நூற்றிருபது பேர் குனிந்து தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். அவள் நாலாவது செய்தியை வாசிக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சாப்பாடு ஆறுது பிள்ளை, வந்து இருமன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யாரோ சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தார்கள். கதிரைகள் இழுபட்டன, சனம் வரிசைக்கு எழும்பியது. அவள் ஐந்தாவது செய்தியையும் ஆறாவது செய்தியையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் வேலையால் வந்தபோது அவளுடைய சாமான்கள் ஐந்து கறுப்புப் பைகளில் வாசலுக்குள்ளே நின்றன. அறை இனித் தம்பிக்கு வேண்டுமாம்.

இப்போது லண்டனின் மறுபக்கத்தில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். கல்லறைக்கு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் எடுக்க வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போவாள். கல்லில் "பிரிவால் துயருறும் மகன், மருமகள்" என்று வெட்டியிருக்கிறது. மகள் என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா என்று கல்லறை அலுவலகத்தில் கேட்டாள். கல்லறையின் உரிமைக்காரரான தம்பி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். படிவத்தை நிரப்பித் தம்பிக்குத் தபாலில் அனுப்பினாள். ஏழு மாதமாகிவிட்டது. அவன் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.