கொதித்துப்போன மிசோ சூப்

சோஹேய் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்கு ரயிலேறியது ஒரு திங்கட்கிழமை. அவனுடைய அம்மா, என் டோகியே பெரியம்மா, நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அன்று விடுமுறை. மகனுக்காக மட்டும் அடுப்பு மூட்டினாள். அவன் மாடியிலிருந்து இறங்குவதாக இல்லை. சூப் ஆறியது, சூடாக்கினாள். மறுபடி ஆறியது. ரயிலுக்கு நேரமாகிறதே என்று மாடியைப் பார்த்துக் கத்திய நேரத்தில் சூப் தளதளவென்று கொதித்துவிட்டது. மிசோ என்ற புளித்த சோயா விழுதைக் கரைத்தபின் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும் என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் அதையே குடித்துவிட்டுப் போனான்.

சில வருடங்களில் அவனுடைய ‘நுரேகாசா’ குழுவின் பாட்டு நாட்டையே பிடித்து ஆட்டியது. பல்லவியிலேயே வருகிறது, அம்மா கொதிக்கவிட்ட மிசோ சூப். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு லிஸ்பனில் ஒரு விடுதியில்கூட அது காதில் விழுந்தது.

திரும்பி வந்து, வேறு வேலை கிடைக்கும்வரை பெரியம்மா கடையில் பாத்திரம் கழுவினேன். அடுப்பில் சட்டி இருந்தால் தொலைபேசியைக்கூட எடுக்காதவள் அவள். துறைமுகத்து ஆட்கள் அந்தச் சூப்புக்காகவே வருவார்கள். இப்போதோ ஒசாகாவிலிருந்து பெண்கள் வருகிறார்கள்.

“அந்தப் பாட்டுல வர்ற சூப் கிடைக்குமா, அம்மா?”

“நல்ல சூப் இருக்கு.”

“இல்ல, கொதிக்கவிட்டது...”

“வீணாப்போனத நான் விக்கிறதில்ல.”

மூலையில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் ஹிராகி சிரித்தார். “ஆசைப்பட்டு வந்திருக்குதுங்க. கொதிக்க விட்டுத்தான் கொடேன், அக்கா!”

“உனக்கு இன்னைக்கு ஊறுகாய் கிடையாது.”

அத்தோடு விட்டார்களா? பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் வரும் பழைய மெட்டை எடுத்துவிட்டு, நகராட்சி இந்தப் பாட்டைப் போட்டது. ‘உங்களுக்குப் பெருமைதானே’ என்று சொல்ல ஓர் அதிகாரி இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெரியம்மா இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அன்றே மகனைப் போனில் அழைத்தாள். “ஏண்டா, இத்தனை வருஷம் ஒழுங்கா ஆக்கிப்போட்டேனே, கெட்டுப்போன ஒருநாள் சூப்புதான் உனக்குப் பாட்டாச்சா? தினம் அஞ்சு மணிக்கு ஊருக்கே கேக்குது என் லட்சணம்!”

“பாசத்துல எழுதினதும்மா.”

“பாசம் இருந்தா நேரத்துக்கு எறங்கி வந்திருக்கணும். தூங்குமூஞ்சி! யாரால கொதிச்சுதுன்னு எல்லாருக்கும் நீயே சொல்லு, இல்லன்னா அந்த வரிய மாத்து. அதுவரைக்கும் போன் பண்ணாத.”

அவன் பண்ணவில்லை. புத்தாண்டுக்கும் வரவில்லை. அடுத்த புத்தாண்டும் போனது. பெரியம்மா மீனைப் பலகையில் போட்டு வெட்டும் வேகத்தைப் பார்த்து நான்தான் பயந்தேன். அவளுக்கும் பிடிவாதம், அவனுக்கும் பிடிவாதம். நடுவில் நான்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அவள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கையெல்லாம் மீன் செதில். “யாருன்னு பாரு, படி” என்றாள். படித்தேன்.

“அம்மா, வரிய மாத்தக் கேட்டேன், கம்பெனி ஒத்துக்கல. என்னாலதான் கொதிச்சுதுன்னு நாளைக்கு ரேடியோவுல சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடறேன். அன்னைக்கு நான் தூங்கல. போகப் பயமா இருந்துச்சு, போர்வைக்குள்ளயே கிடந்தேன். நீ திரும்பத் திரும்ப அடுப்பப் பத்தவைக்கிற சத்தம் மேல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”