மீன் மட்டும்தான்

படகு எஞ்சின் திருத்துகிற எனக்கு அடைப்பைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். முதல் தடவை சிறுநீரகக் கல் வந்து பட்டறைத் தரையில் உருண்டபோதே காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதுதான் எனக்குள்ளும் படிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் டொக்டருக்கே விளக்கம் கொடுத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிறுநீரோடு விழுந்த கல்லைச் சோதித்த முடிவைப் பார்த்தார்.

"எல்லாக் கல்லும் ஒண்டில்லை ஐயா. கனபேருக்கு வாறது கல்சியம் ஒட்சலேற்றுக் கல். கிருமி பிடிச்சும் ஒரு வகை வளரும். பரம்பரையா வாறது குறைவு. உங்களுக்கு வந்தது யூரிக் அமிலக் கல். இறைச்சியைக் குறையுங்கோ, தண்ணியைக் கூட்டுங்கோ."

இறைச்சிதானே? நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில் இறைச்சியைத் தொடாமல் மீனோடு சமாளித்துப் பழகிய வயிறு இது. இனி வருஷம் முழுவதும் தபசு காலம் என்று வீட்டில் அறிவித்தேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று கோயிலில் கதைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. வாடிக்கைக்காரர் கொண்டுவந்து தரும் சூடை மீன், இறால், நெத்தலிக் கருவாடு என்று என் சோற்றுக் கோப்பை நிரம்பி வழிந்தது. கேத்தலுக்குப் பயந்து தண்ணீரை விட்டு, பால் விடாத பிளேன்ரீயில் இறங்கினேன். அதுவும் அதே கேத்தல் தண்ணீர்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அதே வலி திரும்பி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் வென்றுவிட்டேன் என்று சேர்ட்டை மாட்டினேன். யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஸ்கானில் நன்றாகவே தெரிந்தது. வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது.

"இறைச்சியை விட்டனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், முழுசா விட்டிட்டன். மீன் மட்டும்தான்."

அவர் பேனையை வைத்தார். "சூடை, நெத்தலி, இறால் எல்லாத்தாலயும் யூரிக் அமிலம் கூடும் ஐயா. கல் இப்பிடியே அடைச்சுக்கொண்டிருந்தா அந்தச் சிறுநீரகம் பழுதாப் போகும்."

பஸ்ஸில் வழிநெடுக என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்த என் மனைவி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

"டொக்டர், என்ரையில ஒண்டை இவருக்குக் குடுக்கேலுமோ?"

"அந்தளவுக்குப் போகேல்லை அம்மா. இந்தக் கல்லைக் குளிசையால கரைக்கலாம். இவர் தண்ணி குடிக்கவேணும், அவ்வளவுதான்."

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடிக்க மறுத்த ஒருவனுக்காக அவள் தன் உடம்பை அறுக்கத் தயாராக இருந்தாள். அவளுடைய பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, டொக்டருக்கு முன்னாலேயே முழுவதையும் குடித்தேன்.