நிமலன் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் நிமலன் வாழைப்பழம் வாங்கி யாரும் பார்த்ததில்லை. வாங்கவேண்டிய தேவை இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் ஆலோசனை கேட்க வருபவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஒரு சீப்பு பழமோ கேக்கோ முறுக்குப் பையோ கையில் இருக்கும். ஒக்லாந்தில் கம்ப்யூட்டர் படித்த தமிழர் ஒருவருக்கு வேலை கிடைக்கவில்லை என்றால், அவர் யாழ்ப்பாணமோ தமிழ்நாடோ, நிமலனிடம் ஒருதரம் போய்ப் பாருங்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

நிமலனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட். அதாவது, மற்றவர்கள் எழுதவேண்டிய மென்பொருளுக்கு வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறி, நடுவில் அம்புக்குறி போடுகிறவர். ஒரு காலத்தில் அவரும் கையால் நிரல் எழுதியவர்தான், கெட்டிக்காரனாகவும் இருந்தார். பதவி உயர உயர விசைப்பலகை தூரப் போய்விட்டது. கூட்டங்களில் தலையாட்டுவதும் ஒரு வேலைதான் என்று அவர் நம்பியதில் தப்பில்லை, சம்பளம் அதற்குத்தான் வந்தது.

வந்தவர்களுக்கு அவர் நடத்தும் வகுப்பு, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கும். இந்த நாட்டில் மேலதிகாரியை சார் என்று கூப்பிடக்கூடாது. திங்கட்கிழமை காலையில் எல்லாரிடமும் வார இறுதி எப்படிப் போனது என்று விசாரிக்கவேண்டும், பதிலைக் கேட்கவேண்டிய அவசியமில்லை. நேர்முகத்தில் "நாங்கள் செய்தோம்" என்று அடக்கமாகச் சொல்லாமல் "நான் செய்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தான் வந்த புதிதில் பால் கம்பனி ஒன்றின் சம்பளக் கணக்கு மென்பொருள் நின்றுபோனதையும், வெள்ளைக்காரர் எல்லாரும் மீன்பிடிக்கப் போயிருக்க, தான் ஒருவராக இருந்து அதைச் சரிசெய்ததையும் விலாவாரியாகச் சொல்வார். கேட்டவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். போகும்போது மிகவும் பிரயோசனமாக இருந்தது என்றார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்ட மனிதரிடம் வேறு எதைச் சொல்வது?

போன வருடம் நிறுவனத்தில் மறுசீரமைப்பு என்று ஒன்று வந்தது. இந்த ஊரில் அது ஆளை வெளியே தள்ளும் மரியாதையான வழி. உங்கள் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். பிறகு அதே நாற்காலிக்கு வேறு பெயர் வைத்து, விரும்பினால் விண்ணப்பிக்கலாம் என்பார்கள். நிமலனின் நாற்காலிக்குப் புதிதாக வைத்த பெயரில் கையால் நிரல் எழுதவேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு மோர்கேஜ் கடன் பற்றிய கவலை ஒரு பக்கம். அதைவிட, நிமலனுக்கே வேலை போய்விட்டதாம் என்று கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று கதைப்பார்களே, அது மறுபக்கம். மனைவி நிசாந்தினி மூன்று நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவரிடமாவது கேட்டுப் பார்த்தால் என்ன என்றாள்.

அப்படித்தான் ரஷ்மியைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரி. நாலு வருடத்துக்கு முன் இவர் வீட்டு மேசையில் சாப்பிட்டவள், இப்போது இன்னொரு நிறுவனத்தில் ஆட்களைத் தெரிவுசெய்கிற இடத்தில் இருக்கிறாள். பழச்சீப்போடு வந்தாள். என்னை நேர்முகம் செய்துபாரும் என்றார். கடந்த ஒரு வருடத்தில் நீங்களே உங்கள் கையால் செய்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். நிமலன் தொண்டையைச் செருமிக்கொண்டு பால் கம்பனிக் கதையைத் தொடங்கினார்.

வேறு யாராக இருந்தாலும் ரஷ்மி இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தியிருப்பாள். இவரை நிறுத்த வாய் வரவில்லை. மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பிவரும்வரை கேட்டாள்.

"எப்பிடி இருந்தது?" என்றார் நிமலன்.

"சூப்பர் சார். நீங்க பேசினாலே போதும்."

நிமலன் அன்று நிம்மதியாகத் தூங்கினார். புது நாற்காலிக்கான நேர்முகத்தில் அவர் பால் கம்பனிக் கதையைச் சொல்லி முடித்ததும், முன்னால் ஒரு மடிக்கணினியைத் திறந்துவைத்து, இதில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்றார்கள். அவர் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு பெட்டி கீறினார். இன்னொன்று கீறினார். அம்புக்குறி போட்டார். அவர்கள் பொறுமையாக மறுபடி மடிக்கணினியைக் காட்டினார்கள்.

அடுத்த வாரம் மேலாளர் கோப்பி வாங்கிக்கொடுத்து, வேலை இல்லை என்ற விஷயத்தைச் சொன்னார். பால் கம்பனிக் கதை நல்ல கதை, அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படி முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நிமலனுக்கு முதலில் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது வெட்கம் வந்தது. இறங்கியதும் ரஷ்மிக்குப் போன் அடித்தார்.

"அண்டைக்கே உமக்குத் தெரியும்தானே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்ககிட்ட எப்படி சார் சொல்றது? இந்த ஊர்ல எனக்கு யாருமே இல்லாதப்ப உங்க வீட்லதான் சாப்பிட்டேன். அதுக்குத்தான் எல்லாரும் வர்றோம். வேலைக்கு நாங்க வேற எடத்துல கத்துக்கிட்டோம்."

அவருக்குச் சுருக்கென்றது. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். ஆனால் மனிதர் உடைந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. படிக்கவேண்டும் என்று தீர்மானித்தார். யாராவது பக்கத்தில் இருந்து, இப்போதெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டித் தந்தால் போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததில் பிழையே இல்லை.

வேலை போன செய்தி பரவியதும், அண்ணை இப்ப வார நாளிலும் வீட்டில் நிற்கிறாராம் என்று ஆட்கள் வரத்து கூடியது. ஒரு புதன்கிழமை, ஒக்லாந்தின் மேற்கு ஓரமான ரானுயியிலிருந்து குமாரசாமி வந்தார். நாற்பது வயது, பகலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டு மென்பொருள் டிப்ளோமா முடித்தவர். கையில் பெரிய கேக்.

சாப்பாடு முடிந்ததும் நிமலன் வகுப்பைத் தொடங்கவில்லை. தன் புது மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"தம்பி, உண்மையாச் சொல்லுறன். எனக்கு இப்ப ஒண்டும் தெரியாது. நீர் படிச்சதை முதலில இருந்து எனக்குக் காட்டித் தாரும்."

குமாரசாமி முதுகை நிமிர்த்தினார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல் மளமளவென்று ஒப்புவித்தார். மெதுவாகச் சொல்லும் என்று நிமலன் கேட்டபோது பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று பயந்து மறுபடி இன்னும் வேகமாகச் சொன்னார். அது என்ன, ஏன் அப்படி என்று நிமலன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு உண்மையாகவே தெரியாது ஐசே என்று நிமலன் கெஞ்சியபோது, குமாரசாமி மரியாதையாகச் சிரித்தார்.

அவரை அனுப்பிவிட்டு நிமலன் கதவடியில் நின்றார். குமாரசாமி டாக்ஸியில் ஏறுமுன் மனைவிக்குப் போன் அடித்துக் கதைப்பது நன்றாகக் கேட்டது.

"ஓமப்பா, பெரிய மனுசன். ஒண்டும் தெரியாத மாதிரி நடிச்சு என்னைச் சோதிச்சுப் பாத்தவர். பாஸ் பண்ணியிட்டன் எண்டு நினைக்கிறன். வாற ஞாயிறு உன்ர தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவம்."