வாங்க மட்டும் தெரிந்த பிரெஞ்சு

போன கிழமை லவாலில் ஒரு கடைக்குப் போனேன். காசு வாங்க ஆளில்லை. பொருளை நாமே இயந்திரத்திடம் காட்டி, நாமே பையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். முடிவில் இயந்திரம் "மெர்சி" என்று நன்றி சொன்னது. பதிலுக்கு நானும் மெர்சி சொல்லிவிட்டேன், பாருங்கள். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லோடு ஒரு பழைய உடுப்புக் கடையின் பூச்சி உருண்டை வாசமும் சேர்ந்தே வந்துவிடும்.

எண்பதுகளில் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு அகதியாக வந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில், எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குகிற பிரெஞ்சுதான். கொம்பியான் என்றால் என்ன விலை. த்ரோ ஷேர் என்றால் அறாவிலை, விலை மிகக் கூட. விலைச்சீட்டு ஒட்டிய கடையிலும் "த்ரோ ஷேர்" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று வாசல்வரை மெதுவாக நடப்பேன். ஒருவரும் கூப்பிட்டதில்லை.

என் அறையில் இருந்தவர் மட்டக்களப்பு மரியதாஸ் அண்ணை. மனைவியும் சின்ன மகளும் ஊரில். விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தார். முதல் பனி விழுந்ததுமே அந்தப் பழைய உடுப்புக் கடையில் மகளுக்கு ஒரு சிவப்புக் கோட் எடுத்துவிட்டார். மிராபெல் விமான நிலையத்தில் இறங்கும்போது பிள்ளைக்குக் குளிரக் கூடாதாம்.

"உது பெரிசெல்லே அண்ணை?" என்றேன்.

"வளர்ற புள்ள மனே. பெருசாத்தான் எடுக்கணும்."

விசா வரவில்லை, பிள்ளை வளர்ந்தாள். அடுத்த குளிருக்கு முன் கோட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணை கையை உயர்த்தி உயரம் காட்டி, "ப்ளு கிரான்" என்றார். இன்னும் பெரிது. கடைக்காரக் கிழவி மாற்றிக் கொடுத்தாள். வருடா வருடம் இதே கதைதான். போகப் போக, நாங்கள் கேளாமலே ஒரு பெரிய கோட்டை, அதுவும் சிவப்பாகப் பார்த்து, எடுத்து வைத்திருப்பாள்.

ஒரு இலையுதிர் காலத்தில் விசாவுக்குப் பதிலாகப் பிள்ளை செத்த செய்தி வந்தது. காய்ச்சலாம். சண்டையில் ரோட்டு மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். அண்ணை கட்டிலை விட்டு எழும்பவில்லை. சுவரில் தொங்கிய கோட்டைக் காட்டி, "குடுத்துட்டு வா மனே" என்றார்.

தனியே போனேன். கிழவி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, புதிய கோட்டை விரித்துக் காட்டி, "லா பெத்தீத்?" என்று சின்னவளை விசாரித்தாள். வாயைத் திறந்தேன். விலை கேட்கச் சொல் இருந்தது, இன்னும் பெரிது கேட்கச் சொல் இருந்தது. செத்துப்போனாள் என்பதற்கு இல்லை. கோட்டை நீட்டிய அவள் கை நீட்டியபடியே இருந்தது. பழையதைக் கொடுத்து, புதியதை வாங்கிக்கொண்டு "மெர்சி" என்றேன். அறைக்குக் கொண்டுபோக மனம் வராமல், மெட்ரோ இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினேன்.

இப்போது பிரெஞ்சில் துக்கம் விசாரிக்கக்கூட எனக்குத் தெரியும். மிராபெலில் பயணிகள் இறங்குவதில்லை. ரொறன்ரோவுக்குப் போன அண்ணையோடு தொடர்பில்லை. கடையும் இல்லை, கிழவியும் இருக்கமாட்டாள். அடுத்த வருடம் நாங்கள் கோட்டோடு வராததைப் பார்த்து, பிள்ளை ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டாள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.